பன்முன்ஜோமில் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

1953-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27-ஆம் தேதி காலை 10 மணிக்கு, கொரியத் தீபகற்பத்தின் நடுவே பன்முன்ஜோம் என்னும் சிற்றூரில், அவசர அவசரமாகக் கட்டிமுடிக்கப்பட்ட ஒரு மண்டபத்துக்குள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து இரண்டு சேனாதிபதிகள் பிரவேசித்தார்கள். ஒருவர், ஐக்கிய நாடுகள் சபைப் படைகளின் சார்பில் வந்த அமெரிக்கரான வில்லியம் ஹாரிசன். மற்றவர், வட கொரியாவின் நாம் இல். இருவரும் தத்தமக்கென்று இடப்பட்டிருந்த மேஜைகளில் அமர்ந்து, ஆங்கிலம், கொரியம், சீனம் ஆகிய மூன்று மொழிகளில் சித்தமாக வைக்கப்பட்டிருந்த 18 பிரதிகளிலும் கையொப்பமிட்டுவிட்டு, கைகுலுக்காமலும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமலும் எழுந்து, வந்த வழியே போய்விட்டார்கள். எல்லாம் முடியச் சுமார் பத்து நிமிஷங்களே பிடித்தன. உடன்படிக்கை அன்றிரவு 10 மணிக்குத்தான் அமலுக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருந்தபடியால், இடைப்பட்ட 12 மணி நேரமும் பீரங்கிகள் வழக்கம்போல் முழங்கிக்கொண்டிருந்தன.

அந்த மண்டபத்தைப் பற்றியே முன்னதாக ஒரு சச்சரவு நிகழ்ந்திருந்தது. அதைக் கட்டிய வட கொரியர்கள், ஓவியர் பிக்காஸோவின் சமாதானப் புறாக்கள் இரண்டை முகப்பில் தீட்டி வைத்திருந்தார்கள். அது கம்யூனிஸ்டுகளின் பிரசாரச் சின்னம் என்றும், அதை மறைத்தாலொழியத் தம் தரப்பார் உள்ளே காலெடுத்து வைப்பதற்கில்லை என்றும் ஐ.நா. படைத் தலைவர் மார்க் கிளார்க் ஆட்சேபித்தார். மண்டபத்துக்கு வடக்கே மட்டும் வாசல் வைத்திருந்ததும் ஆட்சேபத்துக்கு உள்ளாயிற்று. புறாக்களின் மீது வர்ணம் பூசி மறைத்து, தெற்கிலும் ஒரு வாசல் திறந்த பிறகே காரியம் நடந்தேறிற்று. சமாதானத்தின் சின்னம்கூட ஒரு கட்சியின் உடைமையாகிவிட்ட காலம் அது.

அன்றிரவு நின்ற அந்த யுத்தம், சர்வதேசச் சட்டத்தின் பார்வையில், இன்றளவும் முடிவடையவில்லை. பன்முன்ஜோமில் கையொப்பமானது போர் நிறுத்த உடன்படிக்கை மாத்திரமே. சமாதான உடன்படிக்கை அன்று. 1907-ஆம் ஆண்டு ஹேக் நகரில் வகுக்கப்பெற்ற யுத்த விதிகளின் 36-ஆவது ஷரத்து, போர் நிறுத்தம் என்பது இரு தரப்பாரின் சம்மதத்தின் பேரில் ராணுவ நடவடிக்கைகளை ஒத்திவைப்பதே என்றும், அதற்குக் கால அளவு குறிப்பிடப்படவில்லையாயின், முன்னறிவிப்புச் செய்துவிட்டு எவரும் மீண்டும் போரைத் தொடங்கலாம் என்றும் கூறுகிறது. நிலத் தகராறில் நியாயஸ்தலத்துக்குப் போய் இடைக்காலத் தடையுத்தரவு வாங்கி வந்தவன், வழக்கில் ஜயித்தவனாகவும் ஆகிவிடமாட்டான், தோற்றவனாகவும் ஆகிவிடமாட்டான். தாவா நிலுவையில் இருக்கிறது என்பதுதான் அவனுக்கும் அவன் பங்காளிக்கும் உள்ள நிலைமை. வடக்குத் தெற்குக் கொரியாக்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நிலைமையில்தான் இருந்து வருகின்றன.

இது எப்படி நேர்ந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டுமானால், அந்த யுத்தம் எந்தப் பெயரால் தொடங்கிற்று என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முற்காலத்தில் அரசுகள் யுத்தத்தைப் பிரகடனம் செய்துவிட்டே தொடுத்தன. குறைந்தபட்சம், அவ்வாறு செய்வதே முறையென்று ஒப்புக்கொண்டன. காரணம் காட்டிய பிரகடனமோ இறுதி எச்சரிக்கையோ இன்றிப் பகைமையைத் தொடங்கலாகாது என்று அதே 1907-ஆம் ஆண்டில் ஹேக் நகரில் நாடுகள் உடன்பட்டன. பிறகு, 1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் 15 அரசுகள் கூடி, தேசியக் கொள்கையின் சாதனமாக யுத்தத்தைக் கைக்கொள்வதை அறவே துறந்துவிட்டதாகக் கையொப்பமிட்டன. அமெரிக்க வெளிநாட்டு மந்திரி கெல்லாக், பிரெஞ்சு மந்திரி பிரியான் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் இந்த ஒப்பந்தத்தின் ஆரம்பக் கையொப்பதாரர்களில், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவும் ஒன்று, ஜப்பானும் ஒன்று. நோக்கம் மிக உயர்ந்தது. பலன் என்னவாயிற்று என்றால், யுத்தம் குறைவதற்குப் பதிலாக யுத்தம் என்ற சொல் குறைந்தது. 1931-இல் மஞ்சூரியாவை ஜப்பான் கைப்பற்றியபோது அது ஒரு 'சம்பவம்' என்றே அழைக்கப்பட்டது. 1937-இல் சீனத்தின் மீது முழுப் படையெடுப்பு நிகழ்ந்து, நகரங்கள் நாசமாகி, லக்ஷக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தபோதும் ஜப்பானிய அரசாங்கத்தின் பத்திரங்களில் அது 'சீனச் சம்பவ'மாகவே நீடித்தது. வியப்பு என்னவென்றால், அடிபட்ட சீனமும் 1941 டிசம்பர் வரையில் ஜப்பான் மீது யுத்தப் பிரகடனம் செய்யவில்லை. யுத்தமென்று பெயரிட்டுவிட்டால், போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் அமெரிக்க நடுநிலைமைச் சட்டம் உடனே குறுக்கே வந்து நின்றிருக்கும். ஆகவே கொன்றவனுக்கும் மாண்டவனுக்கும் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதில் ஒரே அளவு அக்கறை இருந்தது.

கொரியாவுக்கு வருவோம். 1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படைகள் 38-ஆவது அட்சரேகையைக் கடந்து தெற்கே புகுந்தன. சீனத்தின் ஆசனம் யாருக்கு என்ற தகராறில் சோவியத் பிரதிநிதி பாதுகாப்புச் சபையைப் பகிஷ்கரித்திருந்த சமயமாதலால், ரத்ததிகாரத்துக்கு இடமின்றி, தென் கொரியாவுக்கு உதவி செய்யும்படி அச்சபை அங்கத்தினர்களைக் கேட்டுக்கொண்டது. 16 நாடுகள் போர்ப் படைகளை அனுப்பின. அமெரிக்க காங்கிரஸ் யுத்தப் பிரகடனம் எதையும் நிறைவேற்றவில்லை. ஜனாதிபதி ட்ரூமன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, நாம் யுத்தத்தில் இல்லை என்று கூறினார்; இதை ஐ.நா.வின் போலீஸ் நடவடிக்கை என்று சொல்லலாமா என்று நிருபர் ஒருவர் சொல்லெடுத்துக் கொடுக்க, ஆம், அதுவேதான் என்று ஏற்றுக்கொண்டார். 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்த ஒரு போருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மறுபுறத்தில் சீனம் செய்ததும் இதற்குச் சளைத்ததன்று. 1950 அக்டோபரில் யாலு நதியைக் கடந்து வந்த லக்ஷோபலக்ஷம் போர்வீரர்களும், அவர்களை நடத்திவந்த பெங் தெஹுவாயும், சீன அரசாங்கத்தின் சேனையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றும், அயல்நாட்டுச் சகோதரர்களின் துயரம் பொறாமல் தாமாகவே புறப்பட்டுவந்த 'மக்கள் தொண்டர்கள்' என்றும் உலகுக்குச் சொல்லப்பட்டது. பீரங்கிப் படையோடும் தளவாடத்தோடும் கட்டுக்கோப்பாக வந்த தொண்டர்கள்! இதை எவரும் நம்பவில்லை; நம்ப வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு பிரயோஜனம் இருந்தது. அமெரிக்காவும் சீனமும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த அதே வேளையில், சட்டத்தின் பார்வையில் ஒன்றோடொன்று யுத்தம் செய்யாமலே இருக்க அது இடங்கொடுத்தது. சண்டை கொரியாவின் எல்லையைத் தாண்டிப் பரவாமல் இருந்ததற்கு அந்தப் பொய்யும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ராஜதந்திரத்தில் எல்லாப் பொய்களும் தீமை செய்வன அல்ல.

இந்தியா அப்போது கைக்கொண்ட நிலையும் கவனிக்கத்தக்கது. ஆக்கிரமிப்பைக் கண்டித்த தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, போர்ப்படை அனுப்ப மறுத்து, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜின் தலைமையில் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பி வைத்தது.

1951-ஆம் ஆண்டு வசந்த காலத்துக்குள் சியோல் நகரம் நான்கு முறை கைமாறி, போர்முனை மறுபடியும் ஏறத்தாழத் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. இருதரப்பும் களைத்தன. ஜூலை 10 அன்று கேசோங் நகரில் பேச்சு வார்த்தை தொடங்கிற்று. ஐ.நா. தரப்பின் தலைவராக வந்த கடற்படைத் தளபதி டர்னர் ஜாய், தமக்கு இடப்பட்ட நாற்காலியில் அமர்ந்ததும் திடுக்கிடும்படி கீழே அமிழ்ந்துபோனார். எதிரே நாம் இல் உயரமான ஆசனத்தில் கம்பீரமாக வீற்றிருந்தார். வேறு நாற்காலி கொண்டுவரப்படுவதற்குள் புகைப்படங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. ஜாய் மேஜை மீது ஐ.நா.வின் சிறு கொடியொன்றை வைத்தால், அடுத்த கூட்டத்தில் அதைவிடச் சில அங்குலம் உயரமான வட கொரியக் கொடி எதிரே நின்றது. பாதுகாப்புக்காக ஐ.நா. வாகனங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு வரும்படி ஏற்பாடு. அந்தப் படமோ, சரணடைய வருகிறவர்களின் படமாக வெளியாயிற்று. எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவுசெய்யவே இரண்டு வாரங்களுக்கு மேலாயின. ஆகஸ்டு 10 அன்று, எல்லைக்கோடு எங்கே என்ற விஷயத்தில் முட்டுக்கட்டை விழுந்து, இரு தரப்பாரும் 2 மணி 11 நிமிஷ நேரம் ஒருவரையொருவர் முறைத்தபடி வாய் திறவாமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கலைந்தார்கள்.

இவற்றையெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால், வெற்றி தோல்வி தீராத ஒரு போரில், தோற்றவன் நான் அல்லன் என்பதை மேஜையின் மேல்தான் காட்டியாக வேண்டியிருக்கிறது. கொடுமை வேறெங்கோ இருந்தது. நாற்காலியும் கொடியும் பேசப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளில்தான், பெயரில்லாத குன்றுகளுக்காக இரு பக்கமும் மாறி மாறிப் போரிட்டு மடிந்தன. கொரியப் போரில் அமெரிக்கா அடைந்த சேதத்தில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு பேச்சு வார்த்தை தொடங்கியதற்குப் பின்னர் நேர்ந்தது.

அத்தனை தாமதத்துக்கும் தலையாய காரணம் எல்லைக்கோடு அன்று. அது 1951 நவம்பரிலேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. காரணம், யுத்தக் கைதிகள். 1949-ஆம் ஆண்டு ஜினீவா உடன்படிக்கையின் 118-ஆவது ஷரத்து, சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்துத் தாயகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்லுகிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தும், பிடிபட்ட ஜெர்மானியரையும் ஜப்பானியரையும் சோவியத் நாடு ஆண்டுக்கணக்கில் வைத்து வேலை வாங்கியதைக் கண்ட அனுபவத்தில் பிறந்த விதி அது. திரும்பிப் போக விரும்பாத கைதியும் இருக்கக்கூடும் என்ற எண்ணம், அதை எழுதியவர்களின் மனத்தில் உரிய இடம் பெறவில்லை. கொரியாவில் அத்தகைய கைதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் சேனையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட தென் கொரியர், சியாங் கை ஷேக்கின் சேனையில் முன்பு பணியாற்றிய சீனர் என்று பலவகையினர். 1951 டிசம்பரில் இரு தரப்பும் கைதிகளின் ஜாபிதாக்களை மாற்றிக்கொண்டபோது ஐ.நா. தரப்பு 1,32,000-க்கு மேற்பட்ட பெயர்களைக் கொடுத்தது. மறுதரப்பிலிருந்து வந்தவை 12,000-க்கும் குறைவு. 1952 ஏப்ரலில் தன் வசமிருந்தவர்களை ஐ.நா. தரப்பு விசாரித்துப் பார்த்ததில், ஊர் திரும்பச் சம்மதித்தவர்கள் சுமார் 70,000 பேர் மட்டுமே என்று தெரியவந்தது.

இங்கே சட்டத்தின் சொல் ஒருபுறமும் அதன் நோக்கம் மறுபுறமுமாக நின்றன. சொல்லின்படி பார்த்தால் சீனமும் வட கொரியாவும் கேட்டது முற்றிலும் நியாயம்: எல்லோரையும் அனுப்பு. ஆனால் 1945-இல் தன் கைக்கு வந்த சோவியத் கைதிகளை அவர்களுடைய கதறலைப் பொருட்படுத்தாமல் திருப்பி அனுப்பிவிட்டு, அங்கே அவர்கள் பட்ட பாட்டைப் பின்னர் கேட்டறிந்த அமெரிக்கா, மறுமுறையும் அதைச் செய்ய மனமொப்பவில்லை. அதில் மனிதாபிமானம் எவ்வளவு, கம்யூனிஸ்ட் நாட்டை வேண்டாமென்று இத்தனை பேர் சொல்கிறார்களென்று காட்டிக்கொள்ளும் ஆசை எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று. முகாம்களுக்குள்ளேயே இரு கட்சிகளும் ஒன்றையொன்று அடித்துக் கொன்றன. திரும்பப் போகிறேன் என்று சொல்லவிடாமல் மிரட்டப்பட்டவர்களும் உண்டு. 1952 மே மாதத்தில் கோஜே தீவு முகாமின் தலைவராயிருந்த அமெரிக்க அதிகாரியையே கைதிகள் சிறைப்பிடித்துவிட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் பேச்சு வார்த்தை முறிந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வாசகத்தை எழுதியவர் இந்தியப் பிரதிநிதி வி.கே. கிருஷ்ண மேனன். ஐ.நா. பொதுச்சபை 1952 டிசம்பர் 3 அன்று நிறைவேற்றிய அவருடைய பிரேரணையின் சாரம் இது: கைதிகள் தாயகம் திரும்புவதைத் தடுப்பதற்காகவும் சரி, திருப்பி அனுப்புவதற்காகவும் சரி, அவர்கள் மீது பலாத்காரம் பிரயோகிக்கலாகாது. இதில் 'விருப்பம்' என்ற சொல் இல்லை; கைதிகளின் விருப்பம் என்று எழுதியிருந்தால் சீனம் ஏற்றிராது. எல்லோரும் திரும்ப வேண்டும் என்ற சொல்லும் இல்லை. அமெரிக்கா அதை ஏற்றிராது. பலாத்காரம் கூடாது என்பதை மறுக்கவோ எவராலும் முடியாது. சோவியத் தரப்பும் சீனமும் முதலில் அதைக் கடுமையாக நிராகரித்தன. மேனன் நல்ல பெயரும் எடுக்கவில்லை. ஆனால் 1953 மார்ச்சில் ஸ்டாலின் காலமாகி, காற்றுத் திசை மாறி, ஜூன் 8 அன்று கைதிகளைப் பற்றிய ஏற்பாடு முடிவானபோது, அதன் முதுகெலும்பாய் இருந்தது அந்த வாசகமே. கொரியப் போரைப் பற்றி எழுதப்பட்ட ஆயிரமாயிரம் பக்கங்களில், மிகுதியான உயிர்களைக் காத்த வாக்கியம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ மட்டும் எதற்கும் இணங்கவில்லை. நாடு இரண்டுபட்டு நிற்கும்படியான எந்த உடன்படிக்கையும் தமக்கு வேண்டாம் என்றார். ஜூன் 18 அன்று தம் காவலிலிருந்த சுமார் 27,000 கைதிகளை இரவோடிரவாகத் திறந்துவிட்டுப் பேச்சு வார்த்தையையே குலைக்கப் பார்த்தார். கடைசியில், உடன்படிக்கையில் கையொப்பமிட மாட்டேன், ஆனால் அதற்கு இடையூறும் செய்யமாட்டேன் என்ற அளவில் நின்றார். அதற்கு ஈடாக அமெரிக்காவோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது.

பலாத்காரம் கூடாது என்று எழுதியாகிவிட்டது. பலாத்காரம் நடவாமல் பார்த்துக்கொள்வது யார்? அந்தப் பொறுப்பு இந்தியாவின் தலையில் விழுந்தது. ஸ்வீடன், ஸ்விட்ஸர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாகியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளைக் கொண்ட கமிஷனுக்கு ஜெனரல் திம்மய்யா தலைவர். மேஜர் ஜெனரல் தோரட்டின் தலைமையில் சுமார் 6,000 இந்தியப் போர்வீரர்கள் காவல். இந்தியச் சிப்பாய் தம் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று ரீ பிடிவாதம் பிடித்தமையால், கப்பலில் வந்தவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி நடுநிலைப் பிரதேசத்தில் இறக்கவேண்டியதாயிற்று. திரும்ப மறுத்த 22,600 பேரை ஐ.நா. தரப்பும், 359 பேரை மறுதரப்பும் அவர்களிடம் ஒப்படைத்தன. கல்லெறியும் கூச்சலும் நாள்தோறும் உண்டு. இந்திய அதிகாரி ஒருவரைக் கைதிகள் பிடித்துவைத்துக்கொண்டபோது, தோரட் தாமே வேலிக்குள் சென்று பேசி அவரை மீட்டார். ஒவ்வொரு கைதிக்கும் அவனவன் நாட்டு அதிகாரிகள் வந்து நயந்து எடுத்துச் சொல்ல 90 நாள் அவகாசம் தரப்பட்டிருந்தது. கேட்டு மனம் மாறியவர்கள் சில நூறு பேரே. 1954 ஜனவரியில், எஞ்சியவர்கள் தத்தம் பழைய காவலர்களிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டு விடுதலை பெற்றார்கள்.

இரண்டு பக்கமும் வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் கொரியரும் சில சீனருமாக 88 பேர், நடுநிலை நாடுகளுக்குப் போகிறோம் என்றார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் இந்தியப் படையினரோடு கப்பலேறி அவர்கள் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். அங்கிருந்து டில்லிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் பலர் பிரேஸிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றுவிட, ஒருசிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.

இனி, உடன்படிக்கையின் வாசகத்துக்கு வருவோம். 63 பத்திகள். நீதி, சகோதரத்துவம், நித்திய சமாதானம் ஆகியவற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தன் விதிகள் முழுக்க முழுக்க ராணுவத் தன்மையுடையவை என்று அது முகவுரையிலேயே அறிவித்துக்கொள்கிறது. ஹாரிசன், நாம் இல் ஆகிய இருவரையும் தவிர அதில் கையொப்பமிட்டவர்கள், ஐ.நா. படைத் தலைவர், கொரிய மக்கள் சேனையின் தலைவர், சீன மக்கள் தொண்டர்களின் தலைவர் ஆகியோர். எந்த நாடும் நாடு என்ற முறையில் கையொப்பமிடவில்லை. போரிட்டது 'போலீஸும்' 'தொண்டர்களும்' என்றால், சமாதானத்தில் கையொப்பமிட அரசுகள் எங்கிருந்து வரும்? இருபுறமும் 2 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும், அதற்கு 72 மணி நேரம், நடுவே கோடு. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,292 அறிவிப்புப் பலகைகள் அந்தக் கோட்டைக் காட்டி நின்றன. அளந்து எழுதிய இந்தப் பகுதி, எத்தனையோ அத்துமீறல்களுக்குப் பிறகும், இன்றுவரை நிற்கிறது.

அளக்காமல் விட்ட இடம் கடல். கரையிலிருந்து 3 மைல் வரையே ஒரு நாட்டின் கடல் என்பது ஐ.நா. தரப்பின் வாதம், 12 மைல் என்பது வட கொரியாவின் வாதம். தீராத தகராறில் நேரத்தைச் செலவிடாமல், மேற்குக் கடலிலுள்ள ஐந்து தீவுகள் ஐ.நா. தரப்பிடம் இருக்கும் என்று மட்டும் எழுதிவிட்டு, நீரின் மீது கோடு கிழிக்காமலே விட்டுவிட்டார்கள். பிறகு ஐ.நா. படைத் தலைமை தானாக ஒரு கோடு கிழித்துக்கொண்டது. வட கொரியா அதை ஒப்பவில்லை. 1999-லும் 2002-லும் அங்கே கப்பல்கள் மோதிக்கொண்டன. 2010 மார்ச்சில் சியோனான் என்ற தென் கொரியப் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் மாண்டார்கள். வட கொரியாவின் டார்பிடோவே காரணம் என்று தென் கொரியா கூற, வட கொரியா மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த ஐந்து தீவுகளில் ஒன்றான யோன்பியோங்கின் மீது வட கொரியா குண்டு பொழிந்தது. நிலத்தில் கோடு போட்ட கை கடலுக்கு வந்ததும் ஓய்ந்துவிட்டதற்குப் பின்வந்த தலைமுறைகள் கொடுத்த விலை இது.

புதிய ஆயுதங்களைக் கொண்டுவரலாகாது, பழுதானதற்கு மாற்றாக ஒன்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்ற 13-ஆவது பத்தியின் விதிக்கும் நல்ல கதி வாய்க்கவில்லை. வடக்கு அதை மீறிவிட்டது என்று குற்றஞ்சாட்டி, 1957 ஜூனில் ஐ.நா. படைத் தலைமை தன்னை அந்த விதி இனிக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. அடுத்த ஜனவரியில் அமெரிக்க அணு ஆயுதங்கள் தென் கொரியாவுக்கு வந்து சேர்ந்தன.

எல்லாவற்றிலும் விசித்திரமானது 60-ஆவது பத்தி. மூன்று மாதங்களுக்குள் இரு தரப்பு அரசாங்கங்களும் மேல்மட்ட அரசியல் மகாநாடொன்றைக் கூட்டி, அந்நியப் படைகள் வெளியேறுவது, கொரியப் பிரச்சினையைச் சமாதானமாகத் தீர்ப்பது 'முதலியவற்றை'ப் பேசித் தீர்க்க வேண்டும் என்று தளபதிகள் சிபாரிசு செய்கிறார்கள். ஆயிரக்கணக்கானோரின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சர்வதேசப் பத்திரத்தில், மளிகைக் கடைப் பட்டியலின் கடைசியில் வருவதுபோல் ஒரு 'முதலியன'! அதற்குள் எது எது அடங்கும் என்று அன்றே சந்தேகம் எழுந்தது. தைவான் விவகாரத்தையும் சீனத்தின் ஐ.நா. ஆசனத்தையும் அந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிடுவார்களோ என்று அமெரிக்கர்கள் அஞ்சினார்கள். 'இரு தரப்பு' என்றால் யார் என்பதும் தகராறாயிற்று. போரிடாத இந்தியா மகாநாட்டில் கலந்துகொள்ளக் கூடாது என்று அமெரிக்கா எதிர்த்தது. சோவியத் நாடு எந்தப் பெயரில் உட்காருவது என்ற வாதத்தில் பூர்வாங்கப் பேச்சே டிசம்பரில் முறிந்தது. மூன்று மாதத்தில் கூடவேண்டிய மகாநாடு 1954 ஏப்ரலில் ஜினீவாவில் கூடி, ஜூன் 15 அன்று ஒரு முடிவுமின்றிக் கலைந்தது.

சமாதான உடன்படிக்கை இல்லாமலே யுத்தம் முடிந்த நாடுகள் உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சோவியத் நாடும் ஜப்பானும் 1956-இல் கூட்டுப் பிரகடனம் ஒன்றின் மூலம் யுத்த நிலையை நீக்கிக்கொண்டன. சமாதான உடன்படிக்கை இன்றும் கையொப்பமாகவில்லை. இந்தியாவோ, 1951-இல் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டுக்குப் போக மறுத்து, மறு ஆண்டு ஜூன் 9 அன்று டோக்கியோவில் ஜப்பானோடு தனியே சமாதான உடன்படிக்கை செய்துகொண்டு, நஷ்ட ஈட்டையும் கேட்காமல் விட்டுக்கொடுத்தது. கொரியாவுக்கு இவ்விரண்டு வழிகளில் ஒன்றும் வாய்க்கவில்லை.

இந்த உடன்படிக்கையைப் பரிகசிப்பது சுலபம். 2013 மார்ச்சில் வட கொரியா அது செல்லாது என்று அறிவித்தது. அதற்கு முன்பும் அவ்வாறு சொன்னதுண்டு. ஒரு தரப்பு மட்டும் அதை ரத்துச் செய்ய இயலாது என்று ஐ.நா. பதிலளித்தது. மேற்பார்வைக்கென அமைந்த நான்கு நடுநிலை நாடுகளில் செக் நாட்டாரை 1993-லும் போலந்து நாட்டாரை 1995-லும் வட கொரியா வெளியேற்றிவிட்டது. ஆயினும், நித்திய சமாதானத்தைப் பிரகடனம் செய்த பாரிஸ் ஒப்பந்தம் மூன்றாண்டுகளில் மஞ்சூரியாவில் செத்துப்போயிற்று. நித்தியத்தைப் பற்றிப் பேசாத இந்தப் பட்டாளத்துப் பத்திரம் எழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. தளபதிகள் தங்களால் நிறைவேற்ற முடிந்ததை மட்டும் எழுதினார்கள். முடியாததை அரசாங்கங்களிடம் விட்டார்கள். தோற்றது தளபதிகளின் பகுதி அன்று.

அரசாங்கங்கள் தம் பகுதியை இன்னும் எழுதவில்லை. 2018 ஏப்ரல் 27 அன்று, அதே பன்முன்ஜோமில், தென் கொரிய ஜனாதிபதி மூன் ஜே இன்னும் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் கைகோத்து நின்று, அந்த ஆண்டுக்குள்ளாகவே யுத்தம் முடிந்ததென்று அறிவித்து, போர் நிறுத்தத்தைச் சமாதான உடன்படிக்கையாக மாற்றப் பாடுபடுவதாகப் பிரகடனம் செய்தார்கள். அதற்காகக் கூடவேண்டியவர்கள் இரு கொரியாக்களும் அமெரிக்காவும் சேர்ந்த மூன்று நாடுகளா, சீனமும் சேர்ந்த நான்கு நாடுகளா என்பதை அவர்களும் தீர்மானிக்கவில்லை. மூன்று அல்லது நான்கு என்றே எழுதி வைத்தார்கள். அந்த ஆண்டு கழிந்தது, மகாநாடு கூடவில்லை. வேறு உடன்படிக்கை வெளிப்படையாக அதன் இடத்தைப் பெறும்வரை இது அமலில் இருக்கும் என்று கூறும் 62-ஆவது பத்தியின் பலத்திலேயே, 1953-ஆம் ஆண்டுப் பத்திரம் இன்றும் அமலில் இருக்கிறது.